பைப் வாங்கும் முன் கோட் புத்தகத்தைத் திறவுங்கள்

கொழும்பு 12இல் கடை கடையாக ஏறும் முன், எந்தக் கோட் (குழாய் அமைப்புக்கான விதிநூல்) என்று முடிவெடுங்கள். மின்நிலைய நீராவிக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பி31.1, இரசாயன ஆலைக்கு பி31.3.

பி31.3 என்றால், உலோகங்களைப் பட்டியலிடும் ஏ-1 அட்டவணைதான் கைவிளக்கு. ஏ106 தரக்குறிப்பின் கார்பன் ஸ்டீல், ஏ312இன் ஸ்டெயின்லெஸ், செம்பு, நிக்கல், டைட்டேனியம் எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத உலோகத்துக்கு முழுத் தடையில்லை. ஆனால் வேதிக்கூறு, வலிமை, தயாரிப்பு முறை சொல்லும் வெளியிடப்பட்ட தரக்குறிப்பு வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு ஏழாம் அத்தியாயம். சரி, பிவிசியும் இருக்கிறதே என்று கம்ப்ரசர் லைனுக்கு (அழுத்தக் காற்றுக் குழாய்க்கு) போடாதீர்கள். வத்தளைப் பட்டறை ஒன்றில் அப்படி வெடித்த துண்டு என் ஹெல்மெட்டைக் கீறிவிட்டுப் போனது. முதலாளிக்கு மிச்சம் பிடித்த சந்தோஷம் அன்றோடு சரி.

கடைசியாக, பைப்பில் அச்சிட்ட ஹீட் நம்பரும் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) மில் சர்டிபிகேட்டும் (ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்) ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் லொறியில் ஏற்றவே விடாதீர்கள்.