ஜிமேட் தேர்வுக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன்

என் சித்தி மகள், எம்பிஏ படிப்பில் சேருவதற்கான ஜிமேட் தேர்வை எழுதப் போகிறேன் என்றதும், தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் இருந்த நான்கு தடிப் புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்தார். நல்ல மனசோடு கொடுத்ததுதான். அவளும் வேலை முடிந்து வந்து, ஒன்றரை மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வாக்கியம் திருத்தும் பகுதியைக் கரைத்துக் குடித்தாள். அந்தப் பகுதியைத் தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது.

முதல் படி: புத்தகம் எந்தத் தேர்வுக்கானது என்று பாருங்கள்

2023 நவம்பரில் ஜிமேட் ஃபோகஸ் எடிஷன் வந்தது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம்: குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (ஆங்கிலத்தில் வாசித்து யோசிப்பது) 23, டேட்டா இன்சைட்ஸ் (அட்டவணை, வரைபடம் போன்ற தகவல்களை அலசுவது) 20. கட்டுரை இல்லை, வாக்கியம் திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் இல்லை, குவான்ட்டில் ஜியோமெட்ரி இல்லை.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மதிப்பெண் 200 முதல் 800 வரை என்று போட்டிருந்தால் அது பழைய புத்தகம். புதிய தேர்வில் 205 முதல் 805 வரை. எந்த மதிப்பெண்ணும் 5-இல்தான் முடியும். சீனியர்கள் சொல்லும் பழைய 700, இப்போது ஏறக்குறைய 645-க்குச் சமம். இது தெரியாமல் பலர் மனசு விட்டுப் போகிறார்கள்.

அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதிலுள்ள ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (வாசித்துப் புரிதல்), கிரிட்டிக்கல் ரீசனிங் (வாதத்தை அலசுதல்), அல்ஜீப்ரா, சதவீதக் கணக்குகள் எல்லாம் இன்றைக்கும் உதவும்.

இரண்டாம் படி: காசு கொடுக்காமல் ஒரு தேர்வு

எம்பிஏ டாட் காமில் கணக்குத் தொடங்கினால், தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதே எழுதுங்கள். படிக்காமல் எப்படி எழுதுவது என்று தயங்காதீர்கள். எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள்ளத்தான் இது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டே கால் மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருங்கள். இன்னொன்றைத் தேர்வு நெருங்கும்போது எழுதலாம்.

மூன்றாம் படி: விடையைப் பார்க்காதீர்கள், விளக்கத்தைப் பாருங்கள்

ஜிமேக்கின் அஃபிஷியல் கைடு புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும், புதிய பதிப்பாகவே. உண்மையான தேர்வில் வந்துபோன கேள்விகள் அதில் இருக்கின்றன. அதற்கு மேல், மாதிரித் தேர்வில் அடிவாங்கிய பகுதிக்கு மட்டும் ஒரு புத்தகம். அதைத் தேர்ந்தெடுக்க, பின்பக்கம் திருப்பி விளக்கத்தை வாசியுங்கள். உதாரணத்துக்கு, டேட்டா இன்சைட்ஸில் வரும் டேட்டா சஃபிஷியன்சி (கொடுத்த தகவல் போதுமா என்று பார்ப்பது) வகையில் ஒரு கேள்வி:

ஒரு கடையில் நேற்று எத்தனை பேனா விற்றது?
(1) ஒரு பேனாவின் விலை 12 ரூபாய்.
(2) பேனா விற்ற மொத்தப் பணம் 600 ரூபாய்.

“600-ஐ 12-ஆல் வகுத்தால் 50” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். கேள்வியே அது இல்லை. முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா என்பதுதான் கேள்வி. தனித்தனியாக ஏன் போதாது, சேர்த்தால் ஏன் போதும் என்று சொல்லிவிட்டு, வகுக்கவே தேவையில்லை என்றும் சொல்லும் புத்தகம்தான் உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு)

தேர்வில் நீங்கள் சரியாகப் போடப் போட, அடுத்தடுத்த கேள்விகளைக் கணினி கடினமாக்கும். காகிதத்தில் இதை அனுபவிக்க முடியாது. கோச்சிங் சென்டர் டெஸ்டுகள் பயிற்சிக்கு நல்லவை. ஆனால் உங்கள் நிலை என்ன என்று அறிய ஜிமேக் தரும் டெஸ்டுகளையே நம்புங்கள். இலவசம் தீர்ந்தால் காசுக்கு இன்னும் உண்டு. அப்புறம், குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. டேட்டா இன்சைட்ஸில் மட்டும்தான். வீட்டிலும் அப்படியே பழகுங்கள்.

ஐந்தாம் படி: 40 பக்க நோட்டு

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதுங்கள். “தப்பு” என்று எழுதினால் பயனில்லை. “இரண்டாவது தகவலைப் படிக்கும்போது முதலாவதை மனசில் வைத்துக்கொண்டேன்” என்கிற அளவுக்கு எழுத வேண்டும். சித்தி மகளின் நோட்டில் இதே வரி ஒன்பது முறை வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டேட்டா இன்சைட்ஸுக்கென்று ஒரே ஒரு புத்தகம் வாங்கினோம்.