ரிசர்விலிருந்து முழுநேரப் பணிக்கு: அமெரிக்கத் தரைப்படையில் மாறுவதற்கான வழிமுறை

அமெரிக்கத் தரைப்படையின் பகுதிநேரப் பிரிவான ரிசர்விலோ, ஒரு மாநிலத்தின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டிலோ (சுருக்கமாக, கார்டு) மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரமும் பணியாற்றிவரும் ஒருவர், இனி இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளலாம் என்று முடிவெடுக்கும்போது, சீருடையும் பதவிச்சின்னமும் ஒன்றுதானே, ஓர் இடமாற்ற உத்தரவு வந்தால் போதாதா என்று எண்ணுவது இயல்பு. நடைமுறை அவ்வாறு இல்லை. இது இடமாற்றமே அன்று. இருக்கும் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, வேறோர் ஒப்பந்தத்தில் புதிதாகக் கையெழுத்திடுவது. அந்த விடுவிப்பைத் தரவேண்டியவர் உங்கள் இப்போதைய யூனிட்டின் தளபதியும் அவருக்கு மேலுள்ள தலைமையகமும்தான், ரெக்ரூட்டர் எனப்படும் ஆள்சேர்ப்பு அலுவலர் அல்ல. இந்த ஒன்றை முதலிலேயே உணர்ந்து செயல்படுகிறவருக்குப் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

யூனிட்டில் பேசுவதற்கு முன், எந்த வகையான முழுநேரப் பணி வேண்டும் என்பதை நீங்களே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் வழிகள் மூன்று. முதலாவது, ரிசர்வை விட்டு முழுநேரத் தரைப்படையில் சேர்வது. நாடெங்கும், கடல் கடந்தும் பணியிடம் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கை அது. இரண்டாவது, ஏஜிஆர் எனப்படும் பணி; ரிசர்விலோ கார்டிலோ இருந்தபடியே, அந்த அமைப்பை அன்றாடம் நடத்துவதற்காக முழுநேர ஊதியத்தில் பணியாற்றுவோர் இவர்கள். காலியிட அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து, தேர்வுக்குழுவின் வழியாக இடம்பெற வேண்டும். குறிப்பாக கார்டில் ஏஜிஆர் பணி பெற்றவர் பெரும்பாலும் தம் மாநிலத்துக்குள்ளேயே இருப்பார் என்பதால், பள்ளி செல்லும் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் வாழ்க்கைத் துணையும் உள்ள குடும்பங்களுக்கு இதை முதலில் ஆராயுமாறு நான் வற்புறுத்துவேன். மூன்றாவது, ஏடாஸ் எனப்படும் தற்காலிக உத்தரவு. ஒரு குறிப்பிட்ட பணிக்காகச் சில மாதங்களோ ஓராண்டோ முழுநேரமாக அழைக்கப்பட்டு, முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது. முழுநேர வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று ஐயம் உள்ளவர்களுக்கு இது நல்ல சோதனைக் களம். கார்டில் டெக்னீஷியன் என்ற பணியும் உண்டு. அது வார நாட்களில் அரசுக் குடிமைப் பணியாகவும் வார இறுதியில் டிரில் எனப்படும் படைப்பயிற்சியாகவும் கணக்கிடப்படுவதால், முழுநேரப் படைப்பணி ஆகாது.

அடுத்து, பணக்கணக்கைப் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிரில் வார இறுதியில் நான்கு அமர்வுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மாத அடிப்படை ஊதியத்தில் முப்பதில் ஒரு பங்கு கிடைக்கும். முழுநேரத்தில் மாதத்தின் முப்பது பங்கும் வருவதோடு, உணவுப் படியும், பணியிடத்தின் அஞ்சல் குறியீடு, பதவி, சார்ந்திருப்போர் உண்டா என்பவற்றைப் பொறுத்து வீட்டு வாடகைப் படியும் வரியின்றிக் கிடைக்கும். ரிசர்வில் கழித்த ஆண்டுகள் ஊதிய அட்டவணையில் முழுமையாகச் சேரும். எட்டு ஆண்டு ரிசர்வில் இருந்தவர் முழுநேரத்தில் சேர்ந்தால், எட்டு ஆண்டுக்குரிய நிரலிலேயே அவருடைய ஊதியம் தொடங்கும்.

ஓய்வூதியத்தில் கணக்கு வேறு. மிகப் பலர் இங்கேதான் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முழுநேரப் பணியாளருக்கு இருபது ஆண்டு நிறைந்தவுடன், எந்த வயதாக இருந்தாலும், ஓய்வூதியம் தொடங்கிவிடும். ரிசர்வில் இருபது தகுதியாண்டு (ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் ஆண்டு) முடித்தவர் பொதுவாக 60 வயது வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த முழுநேர இருபது ஆண்டில் சேர்வது உண்மையாகவே முழுநேர உத்தரவில் கழித்த நாட்கள் மட்டுமே; வார இறுதி டிரில் சேராது. ஒருவர் தொடக்கப் பயிற்சியில் ஆறு மாதமும், அதன்பின் ஏழு ஆண்டுகள் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் கோடைப் பயிற்சியிலும் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 180 நாளும் 105 நாளும் சேர்ந்து 285 நாள். ஏழரை ஆண்டு சீருடை அணிந்தவரின் கையில் இருப்பது ஓர் ஆண்டுக்கும் குறைவான முழுநேரப் பணிக்காலம். அவர் முழுநேர ஓய்வூதியம் பெற இன்னும் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் இந்த முடிவை எடுப்பவர் தம் ஐம்பத்தைந்து வயதை மனத்தில் வைத்தே கையெழுத்திட வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேர்ந்தோருக்குப் பொருந்தும் கலப்பு ஓய்வூதிய முறையில், ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 விழுக்காடு வீதம் இருபது ஆண்டுக்கு, மிக உயர்ந்த 36 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 40 விழுக்காடு கிடைக்கும். இதனோடு டிஎஸ்பி எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பில் அடிப்படை ஊதியத்தின் 5 விழுக்காடு வரை அரசின் பங்களிப்பும் உண்டு. எனவே ஓய்வூதியத்துக்கான பணிக்கணக்கு பதிவாகும் உங்கள் புள்ளி அறிக்கையை, அதாவது ரிசர்வாக இருந்தால் டிஏ 5016-ஐயும் கார்டாக இருந்தால் என்ஜிபி 23-ஐயும், இப்போதே எடுத்து ஒவ்வொரு வரியையும் உங்களிடமுள்ள உத்தரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்ட ஒரு பயிற்சிக் காலத்தை, பழைய யூனிட்டில் உங்களை அறிந்த எழுத்தர் இருக்கும்போது திருத்துவது எளிது. பத்தாண்டு கழித்து அது பெரும்பாடு.

முழுநேரத் தரைப்படைதான் வேண்டும் என்று முடிவானபின், எல்லாவற்றுக்கும் மையமாக நிற்பது டிடி 368 என்ற நிபந்தனையுடன் கூடிய விடுவிப்புக் கோரிக்கைப் படிவம். அது மூன்று பகுதிகள் கொண்டது. முதற்பகுதியில் நீங்கள் சேர விரும்பும் படையின் ரெக்ரூட்டர் உங்கள் விவரங்களை நிரப்பிக் கோரிக்கை வைப்பார், நீங்களும் கையெழுத்திடுவீர்கள். இரண்டாம் பகுதியில் இப்போதைய அமைப்பு ஒப்புதலையோ மறுப்பையோ பதிவு செய்து, ஒப்புதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் குறிக்கும். மூன்றாம் பகுதி, நீங்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டீர்கள் என்று பழைய அமைப்புக்குத் தெரிவிப்பதற்கானது. பெயரில் உள்ள நிபந்தனை என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள்: இரண்டாம் பகுதியில் ஒப்புதல் விழுந்ததால் நீங்கள் விடுவிக்கப்பட்டவர் ஆகமாட்டீர்கள், புதிய ஒப்பந்தம் நிறைவேறும் நாளில்தான் பழையது முடியும். அதுவரை ஒவ்வொரு டிரிலுக்கும் போகவே வேண்டும். ஒப்புதல் வந்துவிட்டதே என்று இரண்டு மாதம் வராமல் இருந்தவரின் பெயரில் அனுமதியற்ற விடுப்பு பதிவானால், அந்தப் பதிவே புதிய சேர்க்கைக்குத் தடையாக நிற்கும்.

ஒப்புதல் பெறும் வழியும் பேச்சுமுறையும் முக்கியம். ரெக்ரூட்டரிடமிருந்து படிவம் திடீரென்று மேசைக்கு வந்து சேர்வதைவிட, முதலில் உங்கள் செக்‌ஷன் சார்ஜென்ட்டிடமும், பிறகு ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டிடமும், அவர் வழியாகத் தளபதியிடமும் நேரில் சொல்வதே முறை. உங்கள் இடத்தை நிரப்ப ஆள் உண்டா, யூனிட் விரைவில் வெளிநாட்டுப் பணிக்கு அழைக்கப்பட உள்ளதா என்பவற்றையே அவர்கள் எடைபோடுவார்கள். அழைப்பு உத்தரவு வந்துவிட்ட யூனிட்டிலிருந்து விடுவிப்பு கிடைப்பது மிகக் கடினம். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எப்போது மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கேளுங்கள். யூனிட்டில் ஒப்பந்தத் தொடர்ச்சியைக் கவனிக்கும் ரிடென்ஷன் சார்ஜென்ட் இதில் உங்களுக்கு உதவக்கூடியவர். அவரைத் தவிர்த்துச் செல்ல வேண்டாம். படிவம் எந்த மேசையில் இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மரியாதையோடு விசாரிப்பது நச்சரிப்பு ஆகாது.

இதனிடையே ஆவணங்களைத் திரட்டுங்கள்: பிறப்புச் சான்று, சமூகப் பாதுகாப்பு அட்டை, கல்விச் சான்றுகள், திருமணச் சான்று, முதல் ஒப்பந்தமான டிடி 4-உம் அதன் இணைப்புகளும், தொடக்கப் பயிற்சியின் முடிவில் தரப்பட்ட பணிக்காலச் சான்றான டிடி 214. அந்த இணைப்புகளில் போனஸ் பற்றியது இருந்தால், மாறிச் செல்வோருக்கு அது என்ன சொல்கிறது என்பதை வரிவரியாகப் படித்து, எஞ்சிய தவணைக்கும் வாங்கிய தொகைக்கும் என்ன ஆகும் என்று எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் மெப்ஸ் எனப்படும் படைச்சேர்க்கை நிலையத்தில் நடக்கும். 2022 முதல் அங்கே எம்எச்எஸ் ஜெனிசிஸ் என்ற மின்னணுப் பதிவேடு பயன்பாட்டில் இருப்பதால், வெளி மருத்துவமனைகளில் பெற்ற சிகிச்சையும் மருந்துச் சீட்டும் மருத்துவரின் திரையில் தெரியக்கூடும். எதையும் மறைக்காமல், அறுவை சிகிச்சை, மனநல ஆலோசனை, ஆஸ்துமா போன்றவற்றின் முழுக் குறிப்புகளையும் கையோடு கொண்டுபோனால், விதிவிலக்கு கோருவதற்கு அவையே சான்றாகும். முன்னாள் படைவீரர் துறையிடமிருந்து உடற்குறைபாட்டு இழப்பீடு பெறுவோர், முழுநேர ஊதியம் பெறும் காலத்துக்கு அதை நிறுத்துமாறு தாமே தெரிவிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்கினால் பின்னால் பிடித்தம் செய்வார்கள். 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஐந்து பிரிவு உடற்தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பதிவில் இருப்பதும் நலம்.

பதவியும் தொழிற்பிரிவும் அப்படியே தொடரும் என்று யாரும் வாய்மொழியாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். முழுநேரப் படையில் அந்தப் பிரிவில், அந்தப் பதவியில் காலியிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு தொழிற்பிரிவில் மறுபயிற்சி பெறவோ, சார்ஜென்ட்டாக இருந்தவர் ஒரு படி இறங்கவோ நேரிடும். கையெழுத்திடும் நாளில் மெப்ஸ் ஆலோசகரின் மேசை முன் அமரும்போது, பதவி, தொழிற்பிரிவின் எண்ணும் எழுத்தும், ஒப்பந்த ஆண்டுகள், முதல் பணியிடம் பற்றிய உறுதி, போனஸ் ஆகிய ஐந்தும் தாளில் அச்சாகியிருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். தாளில் இல்லாதது உங்களுக்குத் தரப்படவில்லை. பிடிக்கவில்லை என்றால் கையெழுத்திடாமல் எழுந்து வரலாம். உங்கள் ரிசர்வ் இடம் அப்படியே இருக்கும், நிபந்தனை விடுவிப்பின் பயனே அதுதான். வேறு படைக்கு மாற நினைப்போர், குறிப்பாக மரைன் கோருக்கு, அடிப்படைப் பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து முடிக்க வேண்டியிருக்கும். அதிகாரிகளுக்கு மெப்ஸ் ஒப்பந்த வழி பொருந்தாது. கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகத்துக்குத் தம் கோப்பை அனுப்பி, அவரவர் பிரிவின் தேவைக்கேற்ப அழைக்கப்பட வேண்டும்.

வெளி வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் 1994-ஆம் ஆண்டின் யுசெரா சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். தாமாக விரும்பி முழுநேரப் பணிக்குச் சென்றாலும், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சென்று, ஒரே நிறுவனத்தைப் பொறுத்தவரை மொத்தப் பணிக்காலம் ஐந்து ஆண்டைத் தாண்டாமல் நற்சான்றோடு திரும்பினால், பழைய வேலையைக் கேட்கும் உரிமை உண்டு. 180 நாளுக்கு மேல் பணியாற்றியவர் திரும்பிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனவே நான்காண்டு ஒப்பந்தம் போட்டவர் வேலையை ‘விட்டு’ வரத் தேவையில்லை, படைப்பணி விடுப்பில் வரலாம். வாடகை வீட்டு ஒப்பந்தத்தை, உத்தரவின் நகலோடு எழுத்தில் அறிவித்து முடித்துக்கொள்ளவும், பணிக்கு முன் வாங்கிய கடன்களின் வட்டியை 6 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தவும் எஸ்சிஆர்ஏ சட்டம் வழிசெய்கிறது. கடன் கொடுத்தவர் தாமாகக் குறைக்கமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குடும்பத்துக்கு, டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற ரிசர்வினருக்கான மருத்துவக் காப்பீட்டில் மாதந்தோறும் கட்டிவந்த பிரீமியம் நின்று, முழுநேரப் பணியாளர் குடும்பத்துக்கான டிரைகேர் தொடங்கும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகளின் பெயர் டீர்ஸ் எனப்படும் படையினர் குடும்பப் பதிவேட்டில் சரியாக உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கிரீன் கார்டோடு ரிசர்வில் இருக்கும் நம்மவர்கள், பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் தொழிற்பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், ரிசர்வ் பணியின் அடிப்படையிலேயே என்-426 என்ற படைப்பணிச் சான்று பெற்றுக் குடியுரிமைக்கு முதலில் விண்ணப்பிப்பது நல்லது. ஆனால் இந்திய வம்சாவளியினர் ஒன்றை அறிந்தே முடிவெடுக்க வேண்டும்: வெளிநாட்டுப் படையில் பணியாற்றுவோருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வழங்கப்படுவதில்லை. ஊரில் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பும் நிலபுலனும் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அன்று. வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டியது.

புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும், டிடி 368-இன் மூன்றாம் பகுதியும் புதிய டிடி 4-இன் நகலும் பழைய யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று ரெக்ரூட்டரை நம்பி விடாமல் நீங்களே உறுதி செய்யுங்கள், இல்லையேல் நீங்கள் முழுநேரப் பணியில் இருக்கும்போதே டிரிலுக்கு வராதவர் என்று பதிவாகிவிடும். ஹெல்மெட், ரக்ஸாக், குளிர்கால உடை எனப் பழைய யூனிட் கொடுத்த பொருட்களை, உங்கள் பெயரிலுள்ள பொருட்பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து, சப்ளை சார்ஜென்ட்டின் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கார்டிலிருந்து வருபவர் என்ஜிபி 22 என்ற பணிவிடுவிப்புச் சான்றையும் ரிசர்விலிருந்து வருபவர் விடுவிப்பு உத்தரவையும் கேட்டுப் பெற்று, அவற்றின் நகலை வீட்டிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.