முப்பரிமாண வாழ்த்து அட்டை: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

சித்திரை பிறக்கும் வாரத்தில் கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளில் தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்தும் மலையாளிகளின் விஷு வாழ்த்தும் ஒரே கைப்பேசியில் வந்து குவியும். இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. உருளி என்ற வெண்கலப் பாத்திரம் பளபளக்கும், கொன்றை உதிரும், எழுத்துகள் பொன்னிறத்தில் எழுந்து நிற்கும். இருந்தும் படம் தட்டையாகவே தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தீர்மானிக்காமலே வேலையைத் தொடங்குவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

விஷுக்கணியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளரி, கொன்றை, நாணயம், கண்ணாடி எல்லாம் உருளியோடு அடுக்கி, விஷுவன்று விடியுமுன் நிலவிளக்கின் சுடரில் முதலில் பார்க்கும் காட்சி அது. படத்தில் விளக்கு இடப்பக்கம் இருந்தால் கணிவெள்ளரியின் இடப்பக்கம் ஒளிர வேண்டும், நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். ஆனால் வெள்ளரி ஓரிடத்திலும் உருளி வேறோரிடத்திலும் பதிவிறக்கியவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வெளிச்சத்தோடு வருகிறது. சிலவற்றை இடவலமாகத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். எழுத்துள்ள நாணயத்தை மட்டும் அப்படித் திருப்பக் கூடாது.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. படத்தின் எல்லா லேயருக்கும், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளுக்கும், ஒரே ஒளிக்கோணம் தரும் வசதி போட்டோஷாப்பில் உண்டு. வெயில் காட்சிக்கு அது பொருந்தும், ஏனென்றால் சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்கின்றன. படத்துக்குள்ளேயே விளக்கு எரியும்போது பொருந்தாது. சுடரைச் சுற்றி நிழல்கள் நாலாபுறமும் விரியும். விளக்குக்கு அருகில் இருப்பதன் நிழல் குட்டையாகவும் தள்ளி இருப்பதன் நிழல் நீளமாகவும் விழும். அதைக் கையால்தான் போட வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் அட்டைக்கு உயிர் வருவது அங்கேதான்.

நிழலுக்குக் கருப்பு நிறத்தை அப்படியே ஊற்றுவது அடுத்த தவறு. வாழையிலையின் மேல் விழும் நிழல் கரும்பச்சை. மஞ்சள் துணியின் மேல் விழுவது பழுப்பு. பொருள் தரையைத் தொடும் இடத்தில் நிழல் ஒடுங்கி, அடர்ந்து, விளிம்பு கூர்மையாக இருக்கும். விலக விலகக் கலங்கி மங்கும். அந்த ஒட்டு நிழலை விட்டுவிட்டால் எவ்வளவு அழகான உருளியும் அந்தரத்தில் மிதக்கும்.

பார்வைக் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். உருளியின் வாய் அகன்ற வட்டமாகத் தெரிந்தால் அதை மேலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். பக்கத்தில் நிற்கும் விளக்கின் அடித்தட்டு நேர்கோடாகத் தெரிந்தால் அதைக் கண் மட்டத்தில் பார்க்கிறோம். இரண்டும் ஒரே தரையில் நிற்க முடியாது. கணியில் வைக்கும் பிடியுள்ள கண்ணாடியான வால்கண்ணாடியை வெறும் சாம்பல் நிறத்தில் விடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. கணியில் கண்ணாடி வைப்பதே காண்பதற்காக. ஒரு கொன்றைக் கொத்தாவது அதில் பிரதிபலிக்கட்டும்.

தமிழ் எழுத்துக்குத் தடிமன் கொடுக்கும்போது தனிக் கவனம் வேண்டும். ண, ஞ போன்றவற்றின் உட்புறச் சந்துகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி கீழெழுத்தோடு ஒட்டிவிடும். ஆகவே மெல்லிய கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள், தடிமனைக் குறையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் ‘கொன்றை’ போன்ற சொல்லில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறக்கூடும். கோட்டோவிய மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி (SVG) கோப்பாகப் பிளெண்டருக்குக் கொண்டுபோனால் எழுத்து சிதையாது. மலையாளக் கூட்டெழுத்துக்கும் இதே வழிதான்.

இருமொழி அட்டையில் ஒரு மொழியை எழுந்து நிற்கவிட்டு மற்றதை அடியில் தட்டையாக ஒட்டுவதை நிறையப் பார்க்கிறேன். இரண்டு வீட்டாரும் பார்க்கப்போகும் அட்டை அது. அளவு சற்று மாறினாலும் தடிமனும் வெளிச்சமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் புடைக்கவிட்டால் எதுவுமே முன்னே வராது. பாலக்காட்டுச் சமவெளியில் நின்று தெற்கே பாருங்கள்: அருகிலுள்ள கரும்பனை கருத்துத் தெளிவாக நிற்கும், நெல்லியாம்பதி மலை நீலம் படிந்து வெளிறியிருக்கும். பின்னணியின் நிறத்தையும் கூர்மையையும் அதுபோலக் குறைத்தாலே ஆழம் வந்துவிடும்; அதற்கு முப்பரிமாண மென்பொருளே தேவையில்லை.

தேதியைப் பழைய அட்டையிலிருந்து நகலெடுக்காதீர்கள். 2023இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. 2024இல் இரண்டும் ஏப்ரல் 14.

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கும். மென்மையான நிழல்கள் பட்டை பட்டையாக உடையலாம். நிழலில் மிக லேசான மணல் துகள் போன்ற சொரசொரப்பைச் சேர்த்தால் அது குறையும். டாக்குமென்ட்டாக அனுப்புவது இன்னும் நல்லது. ஸ்டேட்டஸுக்கு என்றால் 1080க்கு 1920 அளவில் செய்து, மேலும் கீழும் இடம் விடுங்கள். அங்கே பெயரும் பதில் எழுதும் பட்டையும் வந்து உட்காரும். விளக்கின் சுடர் அதற்கடியில் மறைந்துவிடக் கூடாது.