மூன்கேக் டப்பால ஆரம்பிச்சு முறுக்கு வரைக்கும்: புதுசா அதிகம் வாங்காம மூணு பண்டிகை

சிங்கப்பூர்ல ஏது இலையுதிர்காலம், வெயிலும் மழையும் மாறி மாறி வரும், அவ்ளோதான். ஆனா செப்டம்பர் கடைசில இருந்து பண்டிகை மட்டும் வரிசையா வந்துரும். 2026ல பாருங்க, மூன்கேக் பண்டிகை (சீனவங்களோட நிலாப் பண்டிகை) செப்டம்பர் 25, நவராத்திரி அக்டோபர் 11 வாக்குல ஆரம்பிக்குது, தீபாவளி நவம்பர் 8. பல வீட்ல என்ன நடக்குதுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கடைக்குப் போயி பிளாஸ்டிக் சாமானா வாங்கிட்டு வந்து, முடிஞ்சதும் குப்பை ஷூட்ல (மாடில இருந்து குப்பை கீழ விழற குழாய்) தள்ளிவிட்டுட்டு அடுத்த பண்டிகைக்கு மறுபடி தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா கடைப்பக்கம்) ஓடறது. மூணையும் ஒரே வேலையா நினைச்சுப் பாருங்க, முதல் பண்டிகைல மிஞ்சினது கொலுவுக்கு ஆகும், கொலுல மிஞ்சினது தீபாவளிக்கு ஆகும். புள்ளைங்களுக்கும் பரீட்சை நேரம், சும்மா சும்மா கிராஃப்ட் சாமான் வாங்கிக் குடுத்து உக்கார வைக்க முடியாது, இருக்கிறத வச்சு அரை மணி நேரத்துல முடியற வேலைதான் சரிப்படும்.

மூன்கேக் பண்டிகைக்கு பேட்டரி போட்ட பாட்டுப் பாடுற பிளாஸ்டிக் லேன்டர்ன் வேணாம், ரெண்டு ராத்திரில உடைஞ்சிரும், பாட்டு மட்டும் நிக்காது. சீனப் புத்தாண்டுக்கு காசு வச்சுக் குடுத்த அங்பாவ் உறை எல்லார் வீட்லயும் ஒரு டிராயர் நிறைய கிடக்கும்ல, அத எடுங்க, தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிப்போன உறையும் சேர்த்துக்கலாம். ஒவ்வொரு உறையையும் நீளவாக்குல பாதியா மடிச்சு, மடிப்பு வெளிய பாக்கிற மாதிரி ஓரத்தோட ஓரம் ஒட்டிக்கிட்டே போனா வட்டமா வந்துரும், மேல நூல் கட்டித் தொங்கவிட்டா லேன்டர்ன் ரெடி. இன்னொண்ணு பொமேலோ (பம்பளிமாஸ்) தோல். இந்த நேரத்துல பொமேலோ பழம் எல்லாக் கடையிலயும் குவிஞ்சு கிடக்கும், மேல மூடி மாதிரி வெட்டிட்டு தோல் கிழியாம சுளைய மட்டும் எடுத்துட்டு, பக்கத்துல நட்சத்திரம் நிலான்னு ஓட்டை போட்டா வாசனையோட ஒரு விளக்கு. கத்தி வேலை பெரியவங்க பாத்துக்கோங்க, வடிவம் வரையறது புள்ளைங்க வேலை. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு சீக்கிரம் பூஞ்சை பிடிச்சிரும், அதனால அன்னைக்கே செஞ்சு அன்னைக்கே ஏத்திருங்க. மெழுகுவத்தி வைக்கிறதா இருந்தா புளோக் கீழ புல்லுல மெழுக ஊத்தி விளையாட விடாதீங்க, காலைல கூட்ட வர்ற அண்ணன்தான் குனிஞ்சு சுரண்டணும்.

முக்கியமான விஷயம் மூன்கேக் பெட்டி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடுப்பாங்க, ஆபீஸ்ல குடுப்பாங்க, டிராயர் வச்சது, பட்டுத்துணி ஒட்டினதுன்னு ஒவ்வொண்ணும் ஒரு நகைப்பெட்டி மாதிரி இருக்கும். ஒண்ணயும் தூக்கிப் போடாதீங்க. அட்டைப் பெட்டி எல்லாம் கொலுவுக்கு, தகர டின் எல்லாம் தீபாவளிப் பலகாரத்துக்கு, இப்பவே பிரிச்சு வச்சிருங்க.

கொலுப்படிக்கு ஸ்டாண்ட் வாங்கணும்னு அவசியமே இல்ல. வீவக வீட்ல (அரசாங்க அடுக்குமாடி வீடு) அஞ்சு படி ஏழு படின்னு ஆசைப்பட்டா சோபாவ எங்க தள்றது, மூணு படி போதும். கீழ துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அதுக்கு மேல மூன்கேக் பெட்டிய அடுக்கி, ஒரு பழைய வேட்டியோ பாட்டியோட பட்டுப்புடவையோ இழுத்துப் போத்தி பின் குத்திட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. வருஷத்துக்கு ஒரு பொம்மை புதுசா சேர்க்கிற பழக்கம் இருந்தா மண் பொம்மையா பாத்து வாங்குங்க, இல்லாட்டி புள்ளைங்களே களிமண்ல செய்யட்டும், மூக்கு கோணலா இருந்தாலும் சாமி கோவிச்சுக்காது. கீழ் படில ஒரு சிங்கப்பூர் காட்சி வைக்கச் சொல்லுங்க, எம்ஆர்டி, காப்பிக்கடை, தேக்கா மார்க்கெட், எல்லாம் வீட்ல கிடக்கிற லெகோவும் தீப்பெட்டியும்தான்.

அந்தக் காட்சிக்கு நடுவுல பார்க் வேணும்ல, அங்கதான் புள்ளைங்களுக்குப் பிடிச்ச வேலை இருக்கு. டோஃபு வர்ற டப்பாவக் கழுவி, அடில ஈரத்துணியோ கொஞ்சம் மண்ணோ போட்டு, ராத்திரி ஊற வச்ச வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் தூவி விடுங்க. கொலு வைக்கிறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி போட்டா சரியா இருக்கும், நம்ம சூட்டுக்கு சரசரன்னு வந்துரும். காலைல சாயங்காலம் தண்ணி தெளிக்கிற வேலைய ஒரு புள்ளைகிட்ட முழுசா குடுத்துருங்க, ஆனா தண்ணி தேங்கக் கூடாது. விஜயதசமி முடிஞ்சதும் வெந்தயக்கீரைய வெட்டி பருப்புல போட்டுச் சாப்பிடலாம், தானே வளத்ததுன்னா கீரை சாப்பிடாத புள்ளையும் ரெண்டு வாய் சாப்பிடும்.

கொலுவுக்கு வர்றவங்களுக்கு வாட்ஸப்ல அழைப்பு அனுப்பும்போதே "சுண்டலுக்கு ஒரு டப்பா கொண்டாந்துருங்க"ன்னு ஒரு வரி சேர்த்துருங்க. மொதல்ல கூச்சமா இருக்கும், ஆனா ஒருத்தரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, மறந்துட்டு வர்றவங்களுக்கு வாழையிலைல மடிச்சுக் குடுத்துரலாம். தாம்பூலத்துல அந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் குடுக்கிறத மட்டும் தயவுசெஞ்சு விட்ருங்க, எல்லார் வீட்லயும் நாப்பது கிடக்கு. வெத்தலை பாக்கு பழத்தோட வெத்தலைக்கொடில ஒரு துண்டோ ஒரு பண்டான் (வாசனை இலைச்செடி) கன்னோ குடுங்க, வாங்கினவங்க அத மறக்க மாட்டாங்க.

தீபாவளிக்கு வருவோம். கோலத்துக்கு கலர்ப்பொடி பாக்கெட் வாங்காம சமையலறைலயே சாயம் எடுக்கலாம், ஞாயித்துக்கெழமை காலைல குடும்பமே உக்காந்து செய்யற வேலை இது. மஞ்சளுக்கு மஞ்சத்தூள், சிவப்புக்கு பீட்ரூட் சாறு, பச்சைக்கு பண்டான் இலைய அரைச்சுப் பிழிஞ்ச சாறு, நீலத்துக்கு சங்குப்பூ, இங்க வேலி ஓரமெல்லாம் வளக்கிறாங்களே அதேதான், சுடுதண்ணில போட்டா நீலம் இறங்கும், அதுல எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டா ஊதாவா மாறிடும், புள்ளைங்க வாயப் பொளந்துட்டுப் பாப்பாங்க. ஒரு கப் பச்சரிசிக்கு ரெண்டு மேசைக்கரண்டி சாறு போதும், நல்லா பிசறி தட்டுல பரப்பி ஃபேனுக்கு அடில காய விடுங்க, வெயில்ல வச்சா நிறம் வெளுத்துரும். சாயங்கால மழை அடிக்கிற மாசம், காரிடார்ல வெளிப்பக்கமா போட்டா அரை மணில கரைஞ்சு ஓடிரும், கதவோரமா போடுங்க. ஊர்ல எறும்புக்கும் குருவிக்கும் தீனின்னு விட்ருவோம், இங்க புறாவுக்குத் தீனி போட்டா அபராதம், அதனால மறுநாளே கூட்டி எடுத்துருங்க.

தோரணத்துக்கு பிளாஸ்டிக் மாவிலை வேணாம், நெஜ மாவிலை தேக்காப் பக்கம் பூக்கடைல கிடைக்கும். புளோக் கீழ மாமரம் நிக்குதேன்னு பறிக்கப் போயிராதீங்க, அது அரசாங்க மரம். உருளில தண்ணி ஊத்தி பூ மிதக்க விடறவங்க தினமும் தண்ணிய மாத்தணும், அகல் விளக்கு எரிஞ்சு முடிஞ்சதும் கவுத்து வைக்கணும், இல்லாட்டி மழைத்தண்ணி நின்னு கொசு முட்டை போட்டு டெங்கி ஆளுங்க கதவத் தட்டுவாங்க. விளக்க காரிடார்ல வரிசையா வைக்கிறவங்க நடக்கிற வழிய மறிக்காம ஓரமா வைங்க.

முறுக்கு சுட்ட எண்ணெய சிங்க்ல ஊத்தவே ஊத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும். மொதல்லயே சின்ன வாணலில கொஞ்சமா எண்ணெய் வச்சு நாலு தடவையா சுடறதுதான் உத்தமம், மிஞ்சினத வடிகட்டி தாளிக்க வச்சுக்கலாம், ரொம்பக் கறுத்துப் போனத ஆற விட்டு பழைய பேப்பர்ல ஊற வச்சு கட்டிப் போடுங்க. பலகாரத்த அந்த மூன்கேக் டின்லயும் மைலோ டின்லயும் போட்டு புள்ளைங்க கையில குடுத்து பக்கத்து வீடுகளுக்கு அனுப்புங்க. மூன்கேக் குடுத்த ஆன்ட்டிக்கு அவங்க டின்லயே முறுக்கு போகும், சிரிச்சிட்டே வாங்கிப்பாங்க.

வீடு சுத்தம் பண்ணும்போது அது வேணாம் இது வேணாம்னு தூக்கிப் போடத் தோணும். நம்ம வீட்டுக் குப்பைய எரிச்சு அந்தச் சாம்பல செமாக்காவ் தீவுலதான் கொட்டுறாங்க, 1999ல திறந்தது, நாட்டுக்கு இருக்கிற ஒரே இடம் அது, 2035 வாக்குல நிரம்பிரும்னு அரசாங்கமே சொல்லுது. இத புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு, பழைய புடவைய வெட்டி பாவாடையோ பையோ தைக்க ஒரு நாள் ஒதுக்குங்க, சூப்பர்மார்க்கெட்ல பைக்குக் காசு குடுக்கிறதும் மிச்சம். எரியாத சீரியல் லைட்ட மறுசுழற்சிக்கு வச்சிருக்கிற நீலத் தொட்டில போடாதீங்க, பழைய மின்சாமானுக்குன்னு மால்கள்ல தனித் தொட்டி இருக்கு.

பட்டாசு இங்க 1972லேயே தடை, கம்பி மத்தாப்பு மட்டும்தான், அதுவும் புகைமூட்டம் இருக்கிற வருஷம்னா பிஎஸ்ஐ (காத்து எவ்ளோ மாசுன்னு காட்டுற எண்) பாத்துட்டு ஆளுக்கு ரெண்டோட நிறுத்திக்கலாம். எரிஞ்ச கம்பிய ஒரு வாளித் தண்ணில போடணும், சூட்டோட குப்பை ஷூட்ல போட்டா உள்ள தீப்பிடிச்சிரும்.

கடைசியா மாலை. சாமிக்குப் போட்ட செண்டுப்பூவ நூல உருவிட்டு நிழல்ல காய வைங்க, இதழ பொடிச்சா அடுத்த கோலத்துக்கு மஞ்சள் கிடைக்கும், அடில கறுப்பா ஊசி மாதிரி இருக்கே அது விதை, தொட்டில தூவி விடுங்க. எல்லாம் முளைக்காது, மாலைக்கு வர்ற பூவுல பாதி சொத்தையாத்தான் இருக்கும், அதனால கை நிறையவே போடுங்க.