ஒளு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள் மத்ரஸாவில் ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப்பிரிவின்) ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், நடத்துகிறேன். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், தவறுகள் மட்டும் அதேதான். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவில் வரிசை மாறிக் கழுவுவது, துஆவை மறப்பது போன்றவை சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் கூடவே வருகிற தவறுகள் வேறு.

குதிகால்

அவசரமாக ஒளு எடுத்தவர்களைப் பார்த்து, குதிகால்களுக்கு நரகத்தின் கேடுதான் என்று நபி (ஸல்) எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. குழாய்க்கு நேரே காலை நீட்டினால் முன்பாதம்தான் நனையும். கையால் தேய்த்துக் கழுவுங்கள். நகப்பாலிஷ் இருந்தால் எடுத்துவிடுங்கள். மருதாணி வெறும் நிறமாக இருந்தால் பரவாயில்லை. படலமாக நின்றால் அதை நீக்கிய பிறகுதான் ஒளு.

வாளிக்குள் கை

முகம் கழுவிய பிறகு, அள்ளும் நிய்யத் (எண்ணம்) இல்லாமல் சின்ன வாளிக்குள் கையை விட்டால் அந்தத் தண்ணீர் முஸ்தஃமல், அதாவது பயன்படுத்திவிட்ட தண்ணீர்; அதில் ஒளு கூடாது. கப்பால் மொண்டு ஊற்றுங்கள்.

சந்தேகத்துக்காகத் திரும்பத் திரும்ப ஒளு

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி இருந்தாள். மஃரிபு பாங்கு கேட்டுக் குழாயடிக்குப் போனால், மற்றவர்கள் தொழுது முடித்து வரும்போதும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். தொழ நின்றாலும் பாதியில் விட்டுவிட்டு மறுபடி குழாயடி. ஏதோ காற்றுப் பிரிந்த மாதிரி இருந்தது என்பாள். அவளுடைய அம்மா, "எங்க புள்ள ரொம்பப் பேணுதல், ஆலிமா" என்று என்னிடம் பெருமைப்பட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை சுபுஹு தொழுவதை விட்டாள். அப்புறம் தொழுகையையே விட்டாள். எப்படி எடுத்தாலும் தன் ஒளு கூடாது என்ற பயம்.

வஸ்வாஸை, அதாவது ஓயாத வீண் சந்தேகத்தை, பேணுதல் என்று மெச்சுகிற ஒவ்வொருவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சிறுநீர் விஷயத்தில் கவனமில்லாதவருக்குக் கப்ரில் (மண்ணறையில்) வேதனை என்ற ஹதீஸைச் சொல்லிப் பிள்ளைகளை நடுங்க வைக்கிறோம். அதே நபி (ஸல்), தொழுகையில் ஏதோ பிரிந்ததாகத் தோன்றும் ஒருவரைப் பற்றி முறையிடப்பட்டபோது, சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது வாடையை உணரும்வரை அவர் தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்றார்கள். முதல் ஹதீஸைச் சொல்லும் அதே பாடத்திலேயே இதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஒளு எடுத்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது. முறிந்தது உறுதி, திரும்ப எடுத்தோமா என்பது சந்தேகம் என்றால் எடுத்தாக வேண்டும். கையைக் கழுவினோமா என்று ஒளுவின் நடுவில் சந்தேகம் வந்தால் கையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒளுவை முடித்த பிறகு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். மூன்று தடவைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). பள்ளிவாசலுக்கு வக்ஃபு (அறக்கொடை) செய்த தண்ணீரில் அப்படிச் செய்தால் ஹராம்.

நபி (ஸல்) ஒரு முத்து (அந்தக் கால முகத்தலளவை) அளவு தண்ணீரில் ஒளு எடுத்தார்கள், நான்கிலிருந்து ஐந்து முத்து தண்ணீரில் குளித்தார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டரைத் தாண்டாது. பிற்பாடு வந்த இன்னொரு பிள்ளைக்கும் இதே பழக்கம் தொடங்கியபோது, முக்கால் லிட்டர் ஜக்கை நிரப்பிக் கொடுத்து, இதற்குள் முடிக்க வேண்டும் என்றேன். முதல் நாள் அழுதாள். இப்போது ஜக்கில் மிச்சம் வைக்கிறாள்.

இந்தத் தண்ணீரில் யார் என்ன செய்தார்களோ என்று துருவுகிறவர்களுக்கு முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள சம்பவம் ஒன்றைச் சொல்வேன். நபித்தோழர்களான உமரும் அம்ரு இப்னுல் ஆஸும் (ரலி) பயணத்தில் ஒரு தடாகத்துக்கு வந்தார்கள். இங்கே காட்டு விலங்குகள் தண்ணீர் குடிக்க வருமா என்று தடாகத்துக்காரரிடம் அம்ரு விசாரித்தார்கள். அதை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று உமர் தடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவரால் கழுவுவதை நிறுத்த முடியவில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதனால் ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) ஒரு குறையும் வராது.

நஜீஸ் பட்ட துணி

நஜீஸை (அசுத்தத்தை) போக்கிவிட்டுத் துணி மேல் தண்ணீரை ஊற்றுங்கள். வாளித் தண்ணீருக்குள் துணியை முக்காதீர்கள்.

விரலில் ரத்தம்

ஷாஃபிஈயில் ஒளு முறியாது, ஹனஃபியில் வழிந்தோடினால் முறியும். பக்கத்து வீட்டு மத்ஹபை வைத்துக் குழம்ப வேண்டாம்.

15 நாளைத் தாண்டிய உதிரம்

ஷாஃபிஈ சட்டத்தில் மாதவிடாய் அதிகபட்சம் 15 நாள். அதற்கு மேலும் வந்தால் இஸ்திஹாளா (மாதவிடாய் அல்லாத உதிரப்போக்கு). குளித்துவிட்டுத் தொழுகையைத் தொடங்கிவிட வேண்டும். உதிரம் நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு ஃபர்ளுக்கும் (கடமையான தொழுகைக்கும்) நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, பேட் வைத்து, ஒளு எடுத்து, தாமதிக்காமல் தொழுங்கள். விட்டுப்போன தொழுகைகளில் எவற்றைக் களாச் செய்ய (பிறகு தொழுது ஈடுசெய்ய) வேண்டும் என்பது பெரும்பாலும் உங்களுடைய முந்தைய மாத வழக்கத்தை வைத்துத்தான் முடிவாகும். ஆகவே உதிரம் வந்த தேதியையும் நின்ற தேதியையும் மாதாமாதம் எழுதி வைத்து, கேட்க வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.