கேட்ட கதை வீடு வரை வந்தால்

மட்டக்களப்பில் உளவளத்துணை செய்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல்: 2004 சுனாமியோ போரோ, சொல்லும் ஆளையும் கேட்கும் ஆளையும் சேர்த்தே தொட்டிருக்கும். டிசம்பர் 26 நெருங்கினால் இரண்டு பக்கமும் கனக்கும். அந்தக் கிழமையில் பாரமான கதை எதையும் புதிதாகத் தொடங்காமல் விடுவதுதான் எனக்குச் சரிவந்தது.

வேலைக்களைப்பு வேறு, கேட்ட கதை நம் மனதில் விடும் காயம் வேறு. களைப்பு லீவில் கொஞ்சமாவது ஆறும். கேட்ட காட்சி கனவில் வருவது, சில ஊர்ப்பக்கம் போகத் தயங்குவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் இரண்டாம்நிலை மனவடு, அதாவது மற்றவர் பட்டதைக் கேட்டே நமக்கு வரும் மனக்காயம். லீவிலும் கூடவே வரும்.

பாரமான கதைகள் நாளுக்கு 3க்கு மேல் வேண்டாம். இடையில் 15 நிமிடம். அதில் பாதங்களை நிலத்தில் அழுத்தி, 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விடுவது, 10 தடவை. வெளிமூச்சு நீளும்போதுதான் நெஞ்சுப் படபடப்பு தணியும். அவசரமாக இழுத்தால் தலை சுற்றும், பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். குறிப்புகளை அலுவலகத்திலேயே முடித்துவிடுங்கள். இரவில் எழுதினால் அதே காட்சியோடுதான் படுக்கை.

பெரிய பிழை நடப்பது வாகனத்தில். வாகரை போன்ற ஊரில் வேலை முடிந்து திரும்பும்போது கேட்டதெல்லாம் கொட்டுவோம். சாரதி பாவம், அவரும் சுமப்பார், இரகசியமும் போகும். "ஒன்று சொல்லட்டா, இப்ப கேட்க ஏலுமா?" என்று கேட்டு, காட்சியை விட்டு, அது உங்களை என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். மிச்சம் இரு கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரோடு, அதாவது நம் உளவளத்துணை வேலைக்கு வழிகாட்டுபவரோடு. அவரே லீவு ஒப்பமிடும் அதிகாரியாகவும் இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

நித்திரைக் குழப்பம் இரண்டு கிழமை தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். இரவில் தாங்கவில்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம்.