பிசிஓஎஸ்: கட்டியை விடுங்கள், இன்சுலினைப் பிடியுங்கள்

பிசிஓஎஸ், அதாவது சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நீர்க்கட்டி கரைய என்ன சாப்பிடலாம்" என்று தேடுகிறவர்களுக்குத்தான் இது. ஸ்கேனில் தெரிவது பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள், அவற்றைக் கரைக்க ஒரு கஷாயமும் தேவையில்லை. ஏன் வளராமல் நின்றன என்று கேட்டால், பெரும்பாலான பெண்களுக்கு இன்சுலினில் போய்தான் நிற்கும்.

தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து தள்ளுகிறது. அதனால் சுகர் டெஸ்ட் பல வருடம் நார்மல் என்றே வரலாம், உள்ளே இன்சுலின் மட்டும் ஏறிக் கிடக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, அந்த ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரலில் குறைத்தும் விடுகிறது. தாடையில் முடி, பரு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாம் இப்படி வருவதுதான். ஒல்லியான பெண்ணுக்கும் வரும்.

பின்கழுத்தையும் அக்குளையும் கண்ணாடியில் பாருங்கள். வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் இன்சுலின் காட்டும் அடையாளம். அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பீர்க்கங்காய் நாரும் கடலைமாவும் போட்டுத் தேய்த்துத் தள்ளுவார்கள், தோல் எரிவதுதான் மிச்சம். இன்சுலின் இறங்கினால் கறுப்பும் மெல்ல வெளுக்கும்.

டாக்டரிடம் போனால், 2003இல் வகுத்த ராட்டர்டாம் அளவுகோலைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்துப் பார்ப்பார்கள்: ஒழுங்கில்லாத பீரியட்ஸ், கூடுதல் ஆண் ஹார்மோன், ஸ்கேனில் அந்தத் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் தைராய்டும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் பார்த்தார்களா என்று கேளுங்கள், அவற்றாலும் பீரியட்ஸ் தள்ளும். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியலாம்.

வெறும் வயிற்று சுகர் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்தான் மறைந்திருப்பதைச் சரியாகக் காட்டும். 140க்குக் கீழே நார்மல், 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய்ப் பக்கம், இன்னொரு டெஸ்ட்டில் உறுதி செய்வார்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே சேலம் இறங்கிவிடுவது நல்லது. காலையில் வெறும் வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, உடனே அந்தத் தித்திப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்திதான், டெஸ்டும் வீண்.

சாப்பாட்டில் நம்ம சேலத்துக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. ஜவ்வரிசி நம்ம மாவட்டத்துப் பெருமை, சரி, ஆனால் அது மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த வெறும் மாவுச்சத்து, நாரும் இல்லை புரதமும் இல்லை. வயிற்றுக்கு இதம் என்று கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சர்ரென்று ஏறும். சாயங்காலத் தட்டுவடை செட்டில் கேரட், பீட்ரூட் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், எண்ணெயில் பொரித்த அரிசிமாவு அதே கடியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை போதும். மல்கோவா சீசனில் இரண்டு துண்டைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். மலையில் விளையும் சாமை நல்லதுதான், ஆனால் பாலிஷ் போட்ட சாமையைத் தட்டு நிறையக் குவித்தால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்தத் தானியமானாலும் தட்டில் கால் பங்கு, பாதி காய், மீதி முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு. இட்லி நான்கை இரண்டாக்கிக் கூடவே ஒரு முட்டை வையுங்கள், 11 மணிப் பசி காணாமல் போகும்.

எடை கூடியிருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குப் பீரியட்ஸ் சீராக ஆரம்பிக்கும், 70 கிலோவுக்கு அது மூன்றரைக் கிலோதான். அதைவிட முக்கியம் தசை. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையிலோ, வீட்டில் கம்ப்யூட்டர் முன்னாலோ நாள் முழுக்க உட்காருகிறவர்கள் சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரியும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது என்று பாரம் சேருங்கள்.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் "எனக்குச் சுகரே இல்லையே" என்று பதற வேண்டாம். உடல் இன்சுலினுக்கு ஒத்துழைக்க வைப்பதற்குத்தான் அது. வழக்கமாக 500 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் வயிறு கலக்கும், சாப்பாட்டின் நடுவிலோ முடித்த கையோடோ போட்டால் குறையும், அப்படியும் தாங்கவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை கேளுங்கள். அந்த வகையில் மாத்திரையின் கூடு மலத்தில் அப்படியே வரலாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். பலன் தெரிய சில மாதம் ஆகும். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெளியாவது திரும்பத் தொடங்குவதால், இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் தடுப்பு முறை இல்லாமல் இருக்காதீர்கள். இனோசிட்டால் என்று விற்கும் சத்துப் பாக்கெட்டுகளில் பெரிய ஆபத்து இல்லை, ஆதாரமும் பெரிதாக இல்லை, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு அதற்குக் காசைக் கொட்டுவது என் பார்வையில் தண்டம்.

கருத்தடை மாத்திரை பருவையும் தாடை முடியையும் குறைக்க உதவும், ஆனால் பிபி, ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுக்காமல் மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு உடனே காட்டுங்கள். கருப்பையின் உள்சுவர் உரியாமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு இன்று முதலில் தருவது லெட்ரோசோல், முட்டை வெளியாகத் தூண்டும் மாத்திரை. கரு தங்கியதும் முதல் செக்கப்பிலேயே எனக்கு பிசிஓஎஸ் உண்டு என்று சொல்லி, குளுக்கோஸ் டெஸ்டை 24 வாரம் வரை தள்ளாமல் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.